தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்

தோட்டங்களில் மாதர் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது நாங்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கிளினிக்கில ஒடம்புல ரத்தம் கொறைவுன்னு யார் யாருக்குச் சொன்னாங்க? கையைத் தூக்குங்க." முதலில் ஒன்றிரண்டு கைகள் தயங்கித் தயங்கி மேலே வரும். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் தூக்குவார். கடைசியில் தூக்காத கைகளை எண்ணுவதுதான் சுலபமாக இருக்கும். "ஏன், அது எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று ஒரு அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புத்தான் எங்களைப் பயமுறுத்துகிறது. தலை சுற்றுவது, மலை ஏறும்போது நெஞ்சு படபடப்பது, பிற்பகல் ஆனால் கை ஓயாமல் வலிப்பது, இதையெல்லாம் கொழுந்து பறிக்கிற உடம்புக்கு இயல்பான குணம் என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

இது இயல்பு இல்லை, நோய். கர்ப்பிணி அல்லாத ஒரு பெண்ணின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12க்குக் குறையக்கூடாது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக்கூடாது. கிளினிக் கொப்பியில் எழுதித் தருகிற அந்த எண்ணைச் சம்பளச் சீட்டில் உள்ள எண்ணைப் பார்ப்பதுபோல் நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். சம்பளச் சீட்டில் பத்து ரூபா குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் கேட்கிறோம். இரத்தத்தில் இரண்டு குறைந்தால் யாரிடமும் கேட்பதில்லை.

நல்ல சாப்பாட்டைப் பற்றியும் பாட்டி வைத்தியத்தைப் பற்றியும் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். டீவியில் பேசுகிறார்கள், போனில் வீடியோ அனுப்புகிறார்கள். அவற்றில் பாதி, நெய்யும் பாதாம் பருப்பும் வாங்கக்கூடிய வீடுகளுக்காகச் சொன்னவை. மீதியில் பாதி பொய். ஆனாலும் விஷயத்தைத் தள்ளிவிட முடியாது. நம் கையில் இருப்பதை வைத்து உடம்பை எவ்வளவு காப்பாற்றலாம், எந்த இடத்தில் அது போதாமல் போகிறது, அந்த இடத்தில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவது?

முதலில் தேத்தண்ணி.

நம் வீட்டுக் காலையை நினைத்துப் பாருங்கள். நாலு மணிக்கு எழும்புகிறோம். ரொட்டி தட்டுகிறோம், சம்பல் இடிக்கிறோம், பிள்ளைகளை எழுப்புகிறோம், தண்ணீர் பிடிக்கிறோம். நமக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி, அதில் மூன்று கரண்டி சீனி. பெரட்டுக்கு ஓடுகிறோம். மலையில் பத்து மணிக்கு ரொட்டிப் பெட்டியைத் திறந்தால் கூடவே போத்தலில் தேத்தண்ணி. பகலுக்கு வீட்டுக்கு வந்தால் சோற்றுக்குப் பின்னால் இன்னொரு கோப்பை. பின்னேரம் வந்து இன்னொன்று. சோறு தொண்டைக்குள் இறங்குவதற்கே தேத்தண்ணி வேண்டும் என்று ஆகிவிட்டது.

தேயிலையின் சாயத்தில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாமல் செய்கிறது. கீரை, பருப்பு, ரொட்டி இவற்றில் இருந்து கிடைக்கிற கொஞ்ச இரும்பில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தால் பாதிக்கும் மேல் வீணாகிவிடும். பிளேன்டியோ பால் தேத்தண்ணியோ, இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கோப்பியும் இதே வேலையைத்தான் செய்யும். நாம் பறித்த கொழுந்தில் நல்ல ரகம் கப்பல் ஏறிப் போகிறது, தூள் நமக்கு வருகிறது. அந்தத் தூளும் நம் இரத்தத்தில் பங்கு கேட்கிறது என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. குளிரில் நனைந்து வருகிற உடம்புக்கு அது வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும். ரொட்டிக்குத் துணையாகச் சுடுதண்ணி குடிக்கலாம், கொத்தமல்லித் தண்ணி குடிக்கலாம், தேசிக்காய் பிழிந்த தண்ணி குடிக்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இந்த மாதம் ஏதாவது ஒன்றை மாற்றலாம் என்றால் இதை மாற்றுங்கள்.

தேசிக்காயைச் சும்மா சொல்லவில்லை. புளிப்புள்ள பழங்களில் உள்ள விட்டமின் சி, தேத்தண்ணி செய்வதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. கீரையை இறக்கி வைத்த பிறகுதான் தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்துச் சூட்டில் போய்விடும். நெல்லிக்காய், கொய்யா, பப்பாசி எல்லாம் இதே வேலைக்கு உதவும். கொய்யாவில் தோடம்பழத்தை விட விட்டமின் சி அதிகம். பிள்ளைகள் கல்லெறிந்து தின்னும் அந்தக் கொய்யாவை நாம் மதிப்பதில்லை. கடையில் படம் போட்ட டின்னில் வருவதைத்தான் சத்து என்று நினைக்கிறோம்.

கீரைக்கு வருவோம். மலைக்கு மலை கீரை மாறும். இரத்தினபுரி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேலியில் முருங்கை நிற்கும். நுவரெலியா, தலவாக்கலைக் குளிரில் முருங்கையை நட்டால் அது முறைத்துக்கொண்டு நிற்குமே தவிர வளராது. அங்கே உள்ளவர்களிடம் போய் "முருங்கைக்கீரை சாப்பிடுங்கள்" என்று ஒரு பெரியவர் மேடையில் பேசிவிட்டுப் போனார். குளிர்மலையில் வேறு கீரைகள் இருக்கின்றன. பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசளி, பூசணிக்கொடியின் கொழுந்து, சௌசௌ கொழுந்து, முள்ளங்கி இலை. பீட்ரூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பாக இருப்பதால் அதன் சாறு இரத்தமாக மாறும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். நிறத்துக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரும்பு அந்தக் கிழங்கில் இருப்பதை விட அதன் இலையில்தான் அதிகம். மரக்கறித் தோட்டங்களில் கிழங்கை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு இலையை மாட்டுக்குப் போடுகிறார்கள். நம் ஆட்கள் அங்கே நாட்கூலிக்குப் போகிறார்கள். வரும்போது ஒரு கட்டு இலையைக் கேட்டு வாங்கி வரலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

கீரை பறிக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தேயிலை மலைக்குள் முளைத்த குப்பைக்கீரையையும் மணத்தக்காளியையும் நம் அம்மாயிமார் மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்தில் புல்லைச் சுரண்டினார்கள். இப்போது புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். மருந்து அடித்த மலையில் பறித்த கீரையை எத்தனை தண்ணியில் கழுவினாலும் செடி உள்ளே உறிஞ்சியது போகாது. எந்த மலையில் எப்போது மருந்து அடிக்கிறார்கள் என்று தொழிலாளருக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பது நம் கமிட்டிகள் வற்புறுத்த வேண்டிய விஷயம். மற்றது, லயத்துக் கானோரத்தில் வளரும் வல்லாரை. கக்கூஸ் தண்ணியும் எலி மூத்திரமும் ஓடுகிற கானில் வளர்ந்ததைப் பச்சையாகச் சம்பல் போட்டுச் சாப்பிட்டால் சத்தோடு சேர்த்துப் பூச்சியும் வரும்.

பூச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. கொக்கிப்புழு நம் சரித்திரத்தோடு ஒட்டிய சங்கதி. மண்ணில் இருந்து வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும். 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. அதற்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, கக்கூஸ் கட்ட வேண்டும் என்று அப்போதே தெரிந்திருந்தது. மருந்து கொடுத்து, திரும்பவும் அதே மண்ணில் நடக்கவிட்டால் புழு திரும்பவும் வரும். நூறு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொழுந்து மலையில் பெண்களுக்குக் கக்கூஸ் இல்லாத தோட்டங்கள் இன்றும் எத்தனை என்று நமக்குத் தெரியும். கக்கூஸ் இல்லாததால் வேலை முடியும் வரை தண்ணி குடிக்காமல் இருக்கிற தங்கச்சிமார் எத்தனை பேர் என்பதும் தெரியும். பூச்சி மருந்தை டாக்டரோ மருத்துவமாதுவோ சொல்லுகிற நேரத்தில் குடிக்க வேண்டும். செருப்புப் போட வேண்டும். மலையில் கக்கூஸ் கேட்க வேண்டும்.

இனி ரொட்டி. நம் பாட்டன் பூட்டன் இந்தியாவில் இருந்து வந்தபோது கேப்பையும் கம்பும் தின்று வளர்ந்தவர்கள். இங்கே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்தார்கள். கோதுமை மா எப்படி நம் வீட்டு அரசனானது என்று பெரியவர்களைக் கேட்டால் பஞ்சத்தில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். 1973, 74இல் சிறிமா அம்மையார் ஆட்சிக் காலத்தில் அரிசியும் மாவும் வெட்டப்பட்டபோது தோட்டத்து ஜனம் கீரையையும் கிழங்கையும் அவித்துத் தின்றது. வயிறு ஊதிச் செத்தவர்கள் உண்டு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் உண்டு. அந்த ஞாபகம் இருக்கிறவர்களுக்குக் கீரை என்றாலே பஞ்சச் சாப்பாடு. அரிசியும் மாவும் வீட்டில் இருந்தால்தான் கௌரவம். இந்த மனக்காயத்தை மதிக்காமல் "கீரை சாப்பிடத் தெரியாத ஜனம்" என்று நம்மைக் குறை சொல்லக்கூடாது. அதே சமயம், அந்தக் கீரையைத் தின்றவர்களில்தான் பலர் உயிரோடு மிஞ்சினார்கள் என்பதையும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மா ரொட்டி வயிற்றை அடைக்கும், விரைவாகச் செய்யலாம், மலைக்குக் கட்டிக்கொண்டு போகலாம். வேலை செய்கிற பெண் அதைத் தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. ஆனால் அந்த ரொட்டியில் ஒரு பங்கு குரக்கன் மா கலக்கலாம். குரக்கனில் உள்ள அளவு சுண்ணாம்புச் சத்து வேறு எந்தத் தானியத்திலும் இல்லை. முதல் நாள் இரவே பயறையும் கௌபியையும் ஊற வைத்து, முடிந்தால் முளைகட்டி அவித்தால் அதில் உள்ள இரும்பு நன்றாகச் சேரும். நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்கு நல்லது. இருநூறு கிராம் நெத்தலி சம்பலில் இடித்துப் போட்டால் ஒரு வாரம் வரும். வாரத்தில் ஒரு நாள் கோழி ஈரல் வாங்க முடிந்தால் அது கீரையை விட விரைவாக இரத்தத்தைக் கூட்டும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அடிக்கடி சாப்பிடக்கூடாது. மருத்துவமாதுவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஆண் தோழர்களிடம் ஒரு வார்த்தை. வீட்டில் மீன் துண்டு இரண்டு இருந்தால் யார் தட்டுக்குப் போகிறது? அப்பாவுக்கும் மகனுக்கும். சட்டியை வழித்துச் சாப்பிடுவது யார்? மாதாமாதம் இரத்தம் இழக்கிறவளுக்குத்தான் உங்களை விட இரும்பு அதிகம் வேண்டும். பிள்ளை சுமக்கிறவளுக்கு அதைவிடவும் வேண்டும். கிளினிக்கில் தருகிற திரிபோஷ பொட்டலத்தை வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துத் தின்கிறோம். பசிக்கிற வீட்டில் பங்கு போடாமல் இருக்க முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் 1973இல் தொடங்கிய அந்தச் சோளம், சோயா மா கர்ப்பிணித் தாய்க்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் என்று அளந்து தருவது. அவளுடைய கரண்டியை முதலில் போடுங்கள். மிச்சத்தைப் பங்கு வையுங்கள்.

பசியை வெற்றிலையால் அடக்குகிற பழக்கத்தையும் பேசத்தான் வேண்டும். மலையில் பதினொரு மணிக்குக் கண் இருட்டும்போது ஒரு வாய் வெற்றிலை, புகையிலையோடு. பசி தெரியாது. ஆனால் அது சாப்பாட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, கடைசியில் வாய்ப் புற்றுநோயையும் கொண்டு வருகிறது. நம் பெரியம்மாமார் எத்தனை பேரை மகரகமைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

கைமருந்தைப் பற்றி நாங்கள் நினைப்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. தோட்டத்தில் டிஸ்பென்சரி என்றால் ஒரு கலர் தண்ணி மருந்தும் நாலு மாத்திரையும் என்று இருந்த காலத்தில் நம் ஜனத்தைப் பார்த்துக்கொண்டது அப்பாயியின் சுருக்குப் பையில் இருந்த சுக்கும் மிளகும்தான். சளிக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணி இதமாக இருக்கும். சிங்களச் சகோதரர்கள் பஸ்பங்குவ என்று கொத்தமல்லி, சுக்கு, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஐந்தையும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். டவுனில் ஒரு பொட்டலம் வாங்கலாம். தொண்டை வலிக்கு உப்புத் தண்ணி. வயிற்றோட்டத்துக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, அதோடு ஜீவனி. பிள்ளை பெற்றவளுக்கு மிளகு, பூண்டு, கருப்பட்டி இடித்துக் கொடுக்கிற மருந்தில் மருந்து எவ்வளவு என்று எங்களுக்கு நிச்சயமில்லை, ஆனால் அதை இடித்துக் கொடுக்க ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாளே, அதற்கு ஒரு குணம் உண்டு.

ஆனால் அதே பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று சொல்லித் தண்ணியைக் குறைப்பதும், கீரை மீன் எல்லாவற்றையும் நிறுத்திச் சோறும் மிளகுத் தண்ணியுமாக நாற்பது நாள் வைப்பதும் கெடுதல். இரத்தம் போய்ப் படுத்திருப்பவளுக்கு இரத்தம் ஊறுகிற சாப்பாட்டை நிறுத்துகிறோம். சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுப் பிறந்த பிள்ளையின் நாக்கில் தேனும் சீனித் தண்ணியும் தடவுவதும் அப்படித்தான். சீம்பால்தான் பிள்ளையின் முதல் தடுப்பு மருந்து. ஒரு வயது ஆகும் வரை பிள்ளைக்குத் தேன் ஆகவே ஆகாது. நம் பெரியவர்கள் அன்பினால் செய்தார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் தொடர வேண்டியதில்லை.

காய்ச்சல் வந்தால் கொத்தமல்லித் தண்ணி குடிக்கலாம், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்காக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். பப்பாசி இலைச் சாறு குடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிற நேரம் அது இல்லை. குளவி கொட்டினால் சுண்ணாம்பு தடவுகிறோம். ஒன்றிரண்டு கொட்டுக்கு எரிச்சல் அடங்கலாம். கூட்டமாகக் கொட்டினாலோ, மூச்சு முட்டினாலோ, முகம் வீங்கினாலோ, சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் உயிரின் நிமிடம். கொழுந்து லொறியாக இருந்தாலும் பரவாயில்லை, ஏற்றி அனுப்ப வேண்டும். இதை நிர்வாகம் மறுத்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்கு அறிவியுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு யாரோ சொன்ன இலைச் சாற்றுக்கு மாறுவதை இப்போது அதிகமாகப் பார்க்கிறோம். காமரங்காயையும் பிலிங்காயையும் வெறும் வயிற்றில் சாறு பிழிந்து குடித்துச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இயற்கை என்றால் தீங்கு செய்யாது என்று யார் சொன்னது? நாயுருவியும் இயற்கைதான், ஊமத்தையும் இயற்கைதான். எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டினால் திட்டட்டும்.

இரும்பு மாத்திரையைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் கிளினிக்கில் வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிற வீடுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். "குடிச்சா பிள்ளை பெருத்துப் போயிரும், பெறக் கஷ்டம்" என்கிறார்கள். அது உண்மை இல்லை. வயிறு குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், அது உண்மை. பயப்பட வேண்டியதில்லை. இரவு படுக்கப் போகும்போது தண்ணியோடு குடித்தால் குமட்டல் குறையும். தேத்தண்ணியோடோ பாலோடோ குடிக்கக்கூடாது. கிளினிக்கில் தருகிற கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் குடிக்க வேண்டும். இரத்தம் நன்றாகக் குறைந்துவிட்டால் கீரையால் மட்டும் அதைத் திரும்ப ஏற்ற முடியாது. கீரை காப்பாற்றும். விழுந்ததைத் தூக்கி நிறுத்த மாத்திரை வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சிலர் விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டு அரசாங்கமே எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். தோட்டங்களில் அது 32 பேர் அளவுக்கு இருந்தது. இந்த வித்தியாசம் நம் தாய்மாருக்குச் சமைக்கத் தெரியாததால் வந்ததா? தோட்ட நலன் பற்றிய கூட்டம் ஒன்றில் ஒரு பெரிய உத்தியோகத்தர் எங்கள் முகத்துக்கு நேரே அப்படித்தான் சொன்னார். "உங்க ஆட்களுக்கு போசாக்கு அறிவு இல்ல." நாங்கள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: பொன்னாங்கண்ணி நடுவதற்கு எங்கே இடம்?

லயத்துக்கு முன்னால் ஒரு முழ வாசல், பின்னால் கான், அதற்கு அப்பால் தேயிலை. பெயர் சொல்ல வேண்டாம், ஒரு தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் வெற்றாகக் கிடந்த இடத்தில் பெண்கள் பாத்தி கட்டிக் கீரையும் போஞ்சியும் போட்டார்கள். மூன்று மாதம் நல்ல கீரை. பிறகு "கம்பனிக் காணியில் அனுமதி இல்லாமல் பயிர் செய்தது" என்று கடிதம் வந்தது. பாத்தியைப் பிடுங்கச் சொன்னார்கள். அந்த இடத்தில் இன்றுவரை தேயிலையும் வைக்கவில்லை. மானாப்புல் வளர்ந்து நிற்கிறது. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை.

காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்ட முகாமைத்துவத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்து, பிறகு நீண்டகாலக் குத்தகையும் கொடுத்தார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தேயிலை இல்லாமல் தரிசாகக் கிடக்கிற மலைகள் எவை என்று கங்காணியை விட நமக்கு நன்றாகத் தெரியும். வீடு கட்ட ஏழு பேர்ச் என்று சொன்னார்கள், அது கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர். வீட்டுக்குக் காத்திருக்கிற காலத்தில் லயத்துக் குடும்பங்களுக்கு அந்தத் தரிசு நிலத்தில் ஆளுக்கு ஒரு துண்டு மரக்கறித் தோட்டம் ஒதுக்கு என்று கேட்பது பெரிய கோரிக்கையா? எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அதை எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்தால் அடுத்த துரை வந்து பிடுங்குவார்.

சம்பளத்தையும் விட முடியாது. 2021இல் 1000 ரூபா ஆனபோதும், 2024இல் 1350 ரூபா ஆனபோதும், அது கைக்கு வருவதற்குள் 2022இன் விலையேற்றம் அதைத் தின்றுவிட்டது. கிலோ குறைந்தால் அரைப்பேர். தலை சுற்றுகிறவளுக்குக் கிலோ குறையும். கிலோ குறைந்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் தட்டில் நெத்தலி குறையும். தட்டில் குறைந்தால் திரும்பவும் தலை சுற்றும். இரத்தக் குறைவு கம்பனிக்கும் நட்டம்தான், அவர்களுக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்தால்.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் இந்த மாதம் நிர்வாகத்துக்குக் கொடுக்கிற கடிதத்தில் சம்பளத்தோடு சேர்த்து இவற்றையும் எழுதுங்கள். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் கிளினிக்குக்குப் போகிற நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் வருசத்துக்கு ஒரு தடவையாவது இரத்தம் சோதிக்க, தோட்ட வைத்திய உதவியாளரும் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் சேர்ந்து நாள் குறிக்க வேண்டும். தோட்டத்தில் வைத்திய வசதி செய்து கொடுப்பது இன்றைக்கு வந்த சலுகை இல்லை, 1912ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அந்தக் கடமை எழுதியிருக்கிறது. பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் கிழமைக்கு இத்தனை நாள் பயறு, இத்தனை நாள் முட்டை என்று எழுதி ஒட்ட வேண்டும். மலையில் உட்கார்ந்து சாப்பிட ஒரு கூரை, கை கழுவத் தண்ணி, ஒரு கக்கூஸ். மருந்து அடித்த கையோடு ரொட்டி பிய்த்துத் தின்கிற நிலை இருக்கக்கூடாது.

கடிதத்துக்குப் பதில் வரும் வரை கீரை காத்திருக்காது. பொன்னாங்கண்ணிக்கு விதை வேண்டாம், தண்டை ஒடித்து நட்டால் பிடிக்கும். உரப் பை, உடைந்த வாளி, பழைய பேசின், எது கிடைத்தாலும் அடியில் ஓட்டை போட்டு மண்ணும் சாணமும் நிரப்புங்கள். உரப் பையை நன்றாகக் கழுவிவிட்டு எடுங்கள். மருந்து வந்த கலனை மட்டும் தொடவே வேண்டாம். ஒரு வீட்டுக்கு நாலு பை இருந்தால் கிழமைக்கு இரண்டு தடவை கீரை கிடைக்கும்.

அடுத்த மாதர் குழுக் கூட்டத்துக்கு வரும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள், ஹீமோகுளோபின் எண்ணைக் குறித்துக்கொள்வோம். வீட்டில் பொன்னாங்கண்ணி இருக்கிறவர்கள் ஒரு கட்டுத் தண்டு கொண்டு வாருங்கள், இல்லாதவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம். கூட்டத்தில் வழக்கம்போல் தேத்தண்ணி உண்டு. வடையைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தருவோம்.